பதினேழு நன்றாகச் சாப்பிடும்

அவரால் உட்கார முடியாது. யாராவது வற்புறுத்தி நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தால் விளிம்பில் ஒட்டிக்கொள்வார். இரண்டு நிமிடத்தில் ஏதோ ஒரு குழாயை மூடாமல் வந்த ஞாபகம் வந்துவிடும். எழுந்து போவார். குழாய் மூடித்தான் இருக்கும். போன கையோடு வாளியை நகர்த்தி வைப்பார், கம்பியில் கிடக்கும் சாக்கைத் திருப்பிப் போடுவார். திரும்பி வரும்போது நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அதில் அவருக்கு ஒரு நிம்மதி. நாய்க் காப்பகத்தில் அவருக்குச் சக்கரம் என்று பெயர் வைத்தவர், கூண்டு கழுவும் குழாய்க்காரர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று முழுதாகச் சொல்ல அவருக்குச் சோம்பல்.

இத்தனைக்கும் சக்கரம் பதினாறு வருடம் உட்கார்ந்தே பிழைத்தவர். ஒரு திரையரங்கில் டிக்கெட் கொடுத்தார். முழங்கால் சுவரில் இடிக்கும் அறை, கையளவு ஓட்டை. ஓட்டை வழியாகக் கைகள் வரும், முகம் வராது. மோதிரம் இறுகிய கை, மை ஒட்டிய கை, இன்னொரு கையைப் பிடித்திருந்த சூடு ஆறாத கை. கைகளை வைத்தே ஆட்களைத் தெரிந்துகொண்டார். திரையரங்கை இழுத்து மூடிய அன்று ஸ்டூலை விட்டு எழுந்தவர்தான், இன்னும் உட்காரவில்லை என்பது அவர் மனைவியின் கணக்கு.

காப்பகத்தில் நாய்களுக்குச் சோறு வைப்பது அவர் வேலை. காலை ஏழு, மாலை ஐந்து. இருபத்து நான்கு கூண்டுகள். ஞாயிறு மட்டும் விடுமுறை. அன்று குழாய்க்காரர் வைப்பார். நாய்களுக்கு அங்கே பெயர் கிடையாது. பெயர் வைக்கும் உரிமை வளர்க்கப்போகிறவர்களுடையது என்று பொறுப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். அதனால் கூண்டின் எண்தான் நாயின் பெயர்.

பதினேழு, சந்தையின் குப்பைத்தொட்டிப் பக்கம் பிடித்து வந்த நாய். இடது காது கிழிந்து இரண்டு இலைகளாக நிற்கும். நனைந்த அட்டைப்பெட்டியின் நிறம். குரைக்காது, வாலையும் அநாவசியமாகச் செலவு செய்யாது. பதினொரு மாதமாக அங்கே இருந்தது. பதினேழாம் கூண்டுக்கு நேர் எதிரே தண்ணீர்த் தொட்டி. அதனால் சக்கரம் அதற்குக் கடைசியாக வைப்பார். வைத்துவிட்டு அங்கேயே வாளிகளைக் கழுவிக் கவிழ்ப்பார். அவர் கழுவி முடிப்பதற்கும் கிண்ணம் காலியாவதற்கும் சரியாக இருக்கும்.

நடுவில் ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போய் இரண்டே நாளில் திரும்பி வந்தது. "சாப்பிடவே மாட்டேங்குது, எங்களைப் பிடிக்கலபோல" என்று அந்த வீட்டுக்காரர் கயிற்றை நீட்டினார். மூன்று பிள்ளைகள் இருந்த வீடு. "சுத்தி நின்னு கூத்தடிச்சா எதுக்குத்தான் சோறு இறங்கும்" என்று சக்கரம் பல்லைக் கடித்துக்கொண்டார். அன்று மாலை அவர் வைத்த கிண்ணம் வழக்கம்போலக் காலி.

ஒருமுறை திரும்பினால் பரவாயில்லை. இரண்டாம் முறை திரும்பினால் கூண்டு கிடையாது. ஊருக்கு வெளியே பெரிய பட்டிக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். ஒரே வெளியில் நூற்றுச் சொச்சம் நாய்கள். நீளமான தகரத் தொட்டியில் சோற்றைக் கொட்டுவார்கள். முட்டி மோதித் தின்கிறது பிழைக்கும். அங்கே நாய் கேட்டு யாரும் போவதில்லை.

அதனால்தான் ஒரு திங்கட்கிழமை தையல்கார அம்மா வந்து பதினேழின் முன்னால் நின்று நகராமல் இருந்தபோது, சக்கரத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓடாத காலோடு நான்கு முறை அந்தப் பக்கம் போய் வந்தார்.

தையல்கார அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் கப்பலில் வேலை. எட்டு மாதம் கடல், நான்கு மாதம் வீடு. வீட்டில் அவரும் மாமனாரும்தான். கூண்டில் தொங்கிய அட்டையை அவர் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அட்டைகளை எழுதுவதும் சக்கரம்தான். கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும், பொய் எழுதமாட்டார். 'குரைப்பு குறைவு. காதுக் காயம் ஆறிவிட்டது. வண்டிச் சத்தத்துக்குப் பயப்படும். நன்றாகச் சாப்பிடும்.'

"நிஜமாவே நல்லா சாப்பிடுமாண்ணே? எங்க வீட்ல மாமாவுக்கு ஊட்டறதே பெரும்பாடு. ரெண்டு பேரைக் கெஞ்ச என்னால முடியாது."

"கிண்ணத்தைக் கழுவவே வேணாம்மா, அவ்வளவு சுத்தமா முடிச்சிடும். அதுக்கு நான் கேரன்டி."

வாழ்நாளில் எந்தப் படத்துக்கும் அவர் அப்படி உறுதி சொன்னதில்லை.

கூடவே காப்பகத்தின் வழிமுறைத் தாளையும் கொடுத்தார்கள். வேளைக்கு வைக்க வேண்டும்; இருபது நிமிடத்தில் சாப்பிடாவிட்டால் எடுத்துவிட வேண்டும், அடுத்த வேளைவரை எதுவும் தரக் கூடாது. தையல்கார அம்மா தாளைத் துணி அளவுச் சீட்டுபோல மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று மாலையே போன் வந்தது.

"அண்ணே, வச்சோம். தொடல."

"முதல் நாள் அப்படித்தாம்மா. புது இடம்ல? நமக்கே புது இடத்துல தூக்கம் வராது."

"தாள்ல போட்ட மாதிரி இருபது நிமிஷம் பாத்துட்டு எடுத்துட்டேன்."

"ரொம்ப சரி. நாளைக்குப் பாருங்க."

நாளைக்கு மூன்று போன்கள். காலையில் தொடவில்லை. மாலையில் முகர்ந்து பார்த்துவிட்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டு படுத்துவிட்டது. மூன்றாவது போனில் பேசியது மாமனார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். பரீட்சைக்கூட மேற்பார்வையில் பேர்போனவர். குரலைக் கேட்டாலே கையிலிருக்கும் துண்டுச்சீட்டை விழுங்கத் தோன்றும்.

"தம்பி, நான் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். கண்ணைக்கூட இமைக்கல. துரை தொடமாட்டேங்கறாரு."

பதினேழுக்கு அங்கே துரை என்று பெயராகிவிட்டிருந்தது. சக்கரத்துக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"தண்ணி குடிக்குதா ஐயா?"

"கிண்ணம் குறையுது. குடிச்சதை யாரும் பாக்கல."

போனைக் காதில் வைத்துக்கொண்டே சக்கரம் முன்வரிசைக்கும் பின்வரிசைக்குமாக நடந்தார். பேசி முடித்த பிறகும் நடந்தார். குழாய்க்காரர் கழுவிய தரையெல்லாம் அவருடைய ரப்பர் காலணியின் தடம்.

"அண்ணே, ஒரு ஓரமா நின்னு கவலைப்படுங்க. நான் கழுவக் கழுவ நீங்க மிதிச்சிக்கிட்டே வந்தா எப்போ முடியும்?"

காப்பக டாக்டர் போய்ப் பார்த்தார். பல், தொண்டை, வயிறு எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தார். புதன்கிழமை மத்தியானம் சக்கரமே கிளம்பினார். பழைய கிண்ணத்தையும், பதினேழு படுத்துப் புரண்ட சாக்கையும், அதே வாளியிலிருந்து அள்ளிய சோற்றையும் எடுத்துக்கொண்டார். எது குறைந்ததோ அது இந்தப் பைக்குள் இருந்தே தீர வேண்டும்.

முன்னறையில் ஜன்னலுக்கு அடியில் தையல் மெஷின். பக்கத்தில் துணி வெட்டும் பெரிய மேசை. அதன் கீழே பதினேழுக்கு மெத்தை. எதிர்ச்சுவரில், தைத்த துணியைப் போட்டுப் பார்க்க வருபவர்களுக்காக ஆளுயரக் கண்ணாடி. மெத்தைக்கு இரண்டடி தள்ளிப் பிரம்பு நாற்காலி, அதில் பெரியவர். அந்தப் பக்கம் கதவில்லாத சமையலறை.

பதினேழு ஓடிவந்து சக்கரத்தின் முழங்காலில் மூக்கை அழுத்தியது. விலா எலும்புகள் மெஷினின் பல்சக்கரம்போலக் கைக்கு எண்ணக் கிடைத்தன.

பழைய சாக்கை விரித்து, பழைய கிண்ணத்தில் சோற்றை வைத்து, சக்கரம் அதன் எதிரே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தேவிட்டார். "சாப்பிடு கண்ணா. நான்தானே வந்திருக்கேன்." பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். தையல்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து குனிந்தார். மூன்று ஜோடிக் கண்கள்.

பதினேழு கிண்ணத்தைப் பார்த்தது. சக்கரத்தைப் பார்த்தது. வாயோரம் நீர் நூலாக இறங்கித் தரையில் புள்ளியானது. பிறகு மெதுவாகத் தலையை முன்கால்களின்மேல் வைத்துக்கொண்டது.

இருபது நிமிடம். சுவர்க்கடிகாரத்தைப் பெரியவர் ஒருமுறை பார்த்தார்.

"இந்த அட்டையை நீங்கதான் எழுதினீங்களா தம்பி?"

"ஆமாங்க."

"கையெழுத்துக்குப் பத்துக்குப் பத்து போடலாம். விடைதான் தப்பு."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க." தையல்கார அம்மா கிண்ணத்தை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அண்ணே, என்கிட்ட மறைக்காம சொல்லுங்க. எங்களை அதுக்குப் பிடிக்கலயா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா."

"எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. பாத்துப் பாத்து வைக்கிறேன். என் வீட்ல வந்து பட்டினி கிடந்து செத்துச்சுன்னா அந்தப் பாவம் என்னை விடாதுண்ணே. அங்கேயாவது போய்ச் சாப்பிடட்டும். கூட்டிட்டுப் போயிடுங்க."

அங்கே என்று அவர் சொன்னது பழைய கூண்டை. இனி அந்தக் கூண்டு இல்லை, பெரிய பட்டிதான் என்று சொல்ல சக்கரத்துக்கு வாய் வரவில்லை. அதுதான் அவர் வைத்தும் சாப்பிடவில்லையே. அவருக்கும் அது இனி மசியாதுபோல இருந்தது.

காப்பகத்துக்குத் திரும்பியபோது பொறுப்பாளர் அம்மாவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வண்டி போகும். ஏத்திக்கிட்டு நேரா பட்டி."

"மேடம், ஒரு வாரம் இங்க வச்சிருந்தா..."

"எங்க வைக்க? பதினேழுல நேத்தே வேற ஒண்ணு வந்தாச்சு. போய்ப் பாருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மட்டும் ஆசையா? இதுக்கு விலக்கு கொடுத்தா அடுத்ததுக்கும் கேப்பீங்க. ரெண்டு மணிக்கு முன்னால அது ஒரு வாய் சாப்பிட்டா போன் பண்ணுங்க, வண்டியைத் திருப்பிடறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பவர். பேசும்போதும் கை எதையாவது நான்காக மடித்துக்கொண்டிருக்கும். சக்கரம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார், வாசலுக்குப் போனார், திரும்ப வந்தார். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

"அங்க அது சாப்பிடல, இங்க நீங்க சாப்பிடல. நாளைக்கு வண்டியை இந்தத் தெருவுக்கும் வரச் சொல்லிடவா?"

"உனக்கு விளையாட்டு. அது எப்படிச் சாப்பிடும் தெரியுமா? அதுவும் திங்கக்கிழமை காலையில பாக்கணும். ஞாயித்துக்கிழமை நான் இல்லாம ஏங்கிப் போயிருக்கும். கிண்ணமே கூண்டுல முட்டி முட்டிச் சத்தம் போடும்."

"ஓஹோ. உங்களை நினைச்சு ஏங்கவும் ஒரு ஜீவன் இருந்திருக்கு."

"நாமளே கூட்டிட்டு வந்துட்டா என்ன?"

மனைவியின் கை மடிப்பதை நிறுத்தியது. "நாலாவது மாடியில? கிளி வளத்ததுக்கே எதிர்வீட்டுக்காரரைக் காலி பண்ண வச்சாரு வீட்டுக்காரரு. நாயையும் நம்மளையும் சேத்து யாரு எடுப்பா?"

சக்கரம் தட்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, மூடியிருந்த குழாயைப் போய் ஒருமுறை இறுக்கினார்.

வியாழக்கிழமை காலை பதினேழாம் கூண்டில் ஒரு கறுப்புப் பெட்டை நாய். வாயாடி. கிண்ணத்தை வைப்பதற்குள் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி குரைத்தது. வைத்துவிட்டுத் திரும்பி வாளியைத் தொட்டிக்குள் அமிழ்த்தியபோதுதான் அவருக்கு அது தோன்றியது. எல்லாரையும் கேட்டாயிற்று, டாக்டரை, தையல்கார அம்மாவை. குழாய்க்காரரைக் கேட்கவில்லை.

"ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமை பதினேழுக்கு நீ எப்படி வைப்ப?"

பக்கத்துக் கூண்டில் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு கணம் சுவரைத் தவறவிட்டது.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது."

"சொல்லு."

"கத்தமாட்டேன்னு முதல்ல சொல்லுங்க."

"யோவ், சொல்லித் தொலைய்யா."

"ஞாயித்துக்கிழமை அது சாப்பிடாது."

சக்கரம் வாளியைக் கீழே வைத்தார். "பதிவேட்டுல ஒவ்வொரு வாரமும் சாப்பிட்டதுன்னு டிக் போட்டிருக்க."

"போட்டேன். இல்லன்னு போட்டா நீங்க வந்து, 'ஒரு நாள் சோறு வைக்கக்கூட உனக்கு வக்கில்லையா'ன்னு கேப்பீங்க. மறுநாள் நீங்க வச்சா ஒரு பருக்கை மிஞ்சாது. சரி, ஒரு நாள் பட்டினிதானேன்னு விட்டுட்டேன்."

திங்கட்கிழமைக் காலைகள் ஒவ்வொன்றாக சக்கரத்தின் முன் வந்து நின்றன. கிண்ணம் கம்பியில் முட்டும் அந்தச் சத்தம். ஏக்கம் என்று பதினொரு மாதம் அவர் நெஞ்சில் வைத்திருந்தது வெறும் பசி. திட்ட நேரமில்லை. மணி எட்டரை.

"எப்படி வச்ச? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"உங்களைவிட நல்லாத்தான் வச்சேன். பக்கத்துலயே குந்திக்கிட்டு, 'சாப்பிடு ராசா, சாப்பிடு தங்கம்'னு கெஞ்சுவேன். மூஞ்சியையே பாத்துக்கிட்டிருப்பேன். அசையாது."

"நான் கெஞ்சினதில்லையே."

"நீங்க எங்க கெஞ்சினீங்க? வைப்பீங்க, திரும்புவீங்க, கழுவுவீங்க. அது பக்கம் ஏறெடுத்துக்கூடப் பாக்கமாட்டீங்க. எனக்கே பாவமா இருக்கும்."

"என்னய்யா பேசற? அது சாப்பிடறதை நான் பாத்ததில்லையா?"

குழாய்க்காரர் குழாயை அணைத்தார். "நீங்கதான் சொல்லணும். பாத்திருக்கீங்களா?"

சக்கரம் யோசித்தார். காலிக் கிண்ணம் ஞாபகம் வந்தது, நூற்றுக்கணக்கில். ஓரத்தில் நக்கிய ஈரம் ஞாபகம் வந்தது. முதுகுக்குப் பின்னால் வரும் சளக் சளக் என்ற ஓசை. ஆனால் பதினேழின் நாக்கு என்ன நிறம்? அது தலையை எந்தப் பக்கம் சாய்த்து மெல்லும்? எதுவும் வரவில்லை. பதினொரு மாதமாக அவர் கிண்ணத்தைப் பார்த்து நாயைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சந்தைக் குப்பைத்தொட்டி ஓரத்தில், பார்க்கிற கண் ஒவ்வொன்றும் பிடுங்க வரும் கண்ணாக இருந்திருக்கும். அந்தக் காது சும்மா கிழியவில்லை. இப்போது அதன் எதிரில் முப்பது வருட மேற்பார்வைக் கண்ணை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

மிச்ச வேலையை முடிக்க ஒரு மணி நேரம், டாக்டர் பார்க்க இரண்டு நாய்களைப் பிடித்துக் கொடுக்க ஒன்றரை மணி நேரம், பொறுப்பாளர் அம்மாவைத் தேடி அனுமதி வாங்க இன்னொரு மணி நேரம். பேருந்தில் ஏறும்போது பன்னிரண்டரை. இருக்கை காலியாக இருந்தது; கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போன் செய்தார்.

"அம்மா, அதுக்குச் சாப்பாடு வைங்க. வச்சிட்டு யாரும் பாக்காதீங்க."

"காலையில வச்சு எடுத்தாச்சே. அடுத்தது அஞ்சு மணிக்குத்தானே தாள்ல..."

"தாளைக் கிழிச்சுப் போடுங்கம்மா. சரி, இருங்க. நான் வந்துடறேன்."

சாலைத் திருப்பத்தில் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் ஏதோ வண்டி குறுக்கே. மூன்று நிமிடம் பொறுத்தார். குதித்து இறங்கி நடந்தார்; நடை பாதியில் ஓட்டமானது. ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ரப்பர் காலணியோடு ஓடுவதைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றபோது ஒன்று முப்பத்தைந்து.

விஷயத்தைக் கேட்டதும் பெரியவர் நாற்காலியின் கையைத் தட்டினார்.

"என் வீட்ல, என் நாற்காலியில, நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

"ஒரு கால் மணி நேரம் மாமா."

"குத்தம் பண்ணின பையனைத்தான் நான் அப்படி நிக்க வச்சிருக்கேன்."

"நீங்க உக்காந்துக்கிட்டே இருக்கலாம் மாமா. அவனைவிட அது சலுகைதானே."

தையல்கார அம்மா நாற்காலியோடு அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். சோற்றைச் சுடவைத்துக் கிண்ணத்தில் போட்டு மெத்தைக்குப் பக்கத்தில் வைத்தார். போய் மெஷின்முன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். சக்கரம் சமையலறைத் தொட்டியடியில் முதுகைக் காட்டி நின்றார். குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம். டம்ளர் தீர்ந்து தட்டுக்கு வந்தார்.

நகங்கள் தரையில் கிளிக்கென்றன. இரண்டடி. நின்றுவிட்டது. மெத்தை திரும்பவும் அமுங்கும் சத்தம்.

"ஏன் படுத்துடுச்சு?" என்று சக்கரம் சுவரைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும், நான்தான் பாக்கலயே" என்றார் பெரியவர், கேட்காத கேள்விக்கும் சேர்த்து. அதில் தையல்கார அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. தலையை நகர்த்தாமல் கண்ணை மட்டும் ஓட்டினார். பெரியவரின் நாற்காலிக்கு நேரே ஆளுயரக் கண்ணாடி. அதில் பெரியவரின் கண்கள், அவற்றுக்குப் பின்னால் மெத்தை, மெத்தையிலிருந்து அவரையே பார்க்கும் பதினேழு.

"மாமா! காப்பி அடிக்கறீங்க!"

"சும்மா... எப்படி இருக்குன்னு..."

"முப்பது வருஷம் ஊரான் பிள்ளைகளைப் பிடிச்சீங்களே. வெக்கமா இல்ல?" எழுந்து, யாருக்கோ வெட்டி வைத்திருந்த நீலத் துணியைக் கண்ணாடிமேல் போர்த்தினார். பெரியவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நீலத்தைப் பார்க்கத் தொடங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கண்ணுக்கு முன்னால் மேற்பார்வை செய்ய எதுவும் இல்லை.

மெஷின் ஓடியது, வெறும் மெஷின், துணி இல்லாமல். தண்ணீர் ஓடியது. ஒன்று ஐம்பது. சக்கரத்தின் கால்கள் தானாக எழும்பப் பார்த்தன. ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டார். போய்ப் பார்க்க வேண்டும், கிண்ணத்தை ஒரு சாண் நகர்த்தி வைக்க வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும். தட்டைத் தேய்த்தார். தேய்த்த தட்டையே தேய்த்தார்.

கிளிக். கிளிக். நகங்கள் கிண்ணம் வரைக்கும் போய் நின்றன.

அப்போதுதான் தெருவில் காப்பக வண்டி வந்து நின்றது. வண்டிச் சத்தத்துக்குப் பயப்படும் என்று அட்டையில் எழுதியது அவரேதான்.

ஓட்டுநர் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு இறங்கி, திறந்திருந்த ஜன்னலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு பெண் துணியில்லாத மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் துணி மூடிய கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்தார். தையல்கார அம்மா காலை மெஷினிலிருந்து எடுக்காமல், உள்ளங்கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"திரும்பி நில்லுங்க" என்றார் உதட்டை மட்டும் அசைத்து.

"நானா?"

"நீங்கதான். திரும்புங்க!"

ஓட்டுநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்தார். கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

முதலில் ஒரே ஒரு சளக். பிறகு இடைவெளி, நீளமாக. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக, நிறுத்த முடியாத வேகத்தில். கிண்ணம் தரையில் உராய்ந்து நகர்ந்தது, மேசைக்காலில் முட்டியது, மறுபடி நகர்ந்தது. திங்கட்கிழமைக் காலையின் சத்தம். நான்கு பேர் நான்கு திசையைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். பெரியவரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்க்க ஆளில்லை.

தையல்கார அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, மெஷின் ஓசைக்கு அடியில் பேசினார்.

"அண்ணே, மேடத்துக்குச் சொல்லிடுங்க. வண்டி வேணாம்."

"சரிம்மா."

"என்னைப் பிடிக்காம இல்லயே?"

"இல்லம்மா. பிடிச்சிருக்கு."

குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். தலையை ஒரு விரற்கடை திருப்பினால் போதும். பதினொரு மாதம், ஒரே ஒரு பார்வை. கழுத்து திரும்பத் தயாராகவே இருந்தது. முன்னறை வழியாகப் போனால் பார்க்காமல் போக முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. சமையலறையின் பின்கதவைத் திறந்து, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

ஓட்டுநர் இன்னும் முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தார். "என்னண்ணே, நாயை ஏத்தச் சொன்னாங்க, இங்க ஆளாளுக்கு மூலையைப் பாத்து நிக்கறீங்க. சாப்பிட்டுச்சா இல்லையா?"

"சாப்பிடுது. கிளம்பு, கிளம்பு, இஞ்சினை இப்போ போடாத. முனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிடலாம்."

"வண்டியையா? தள்ளறதா?"

"நான் தள்றேன்யா."

சக்கரம் வண்டியின் பின்னால் போய்க் கையைக் கொடுத்தார். அது அசைவதற்குள் ஜன்னல் வழியாகப் பெரியவரின் குரல் வந்தது.

"ஏம்மா, தினமும் ரெண்டு வேளையும் இந்தக் கூத்துதானா?"

"ரெண்டு வேளையும்தான் மாமா."



"அப்போ என்னை அந்த ஜன்னல் பக்கமாவே போட்டுடு. நீலத் துணியை எத்தனை நாள் பாக்கறது? தெருவையாவது பாக்கறேன்."

பிரம்பு நாற்காலி தரையில் இழுபடும் ஓசை கேட்டது.